டேப் உடைந்த வாரம்

பட்டறையில் இப்போது எல்லாரும் நம்பும் செய்தி இது: டேப்பண்ணன் வேண்டுமென்றே டேப்பை உடைத்தார்.

நம்பாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் சூப்பர்வைசர், நம்பாமல் இருப்பது அவருடைய உத்தியோகம். இன்னொருவர் யாரென்று போகப் போகத் தெரியும்.

செய்தி நாளுக்கு நாள் சதை போட்டுக்கொண்டு வருகிறது. முதல் நாள் உடைந்தது ஒரு டேப். மறுநாள் சாப்பாட்டு நேரத்துக்குள் மூன்றாயிற்று. பெயிண்ட் அடிக்கும் பக்கம் போய்ச் சேர்ந்தபோது ஐந்து டேப், ஒரு சுத்தியல், சூப்பர்வைசர் முகத்துக்கு நேராக ஒரு வசனம் என்று முழுப்படமாகவே ஓடியது. வாசலில் காவலாளியைக் கேட்டால், டேப்பண்ணன் உடைந்த துண்டை முதலாளியின் மேஜையில் வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு வெளியே வந்ததாகச் சொல்கிறார். காவலாளி அன்றைக்கு விடுப்பில் இருந்தவர்.

பட்டறையில் எதைச் சரிபார்ப்பதானாலும் ஸ்டோரில்தான் தொடங்க வேண்டும். அங்கே ஒரு வழக்கம். உடைந்த டேப்பின் துண்டைக் கொண்டுவந்து தகர டப்பாவில் போட்டால்தான் புது டேப் கிடைக்கும். போடுகிறவரின் பக்கத்தில் ஸ்டோர்காரர் ஒரு கோடு கிழிப்பார். சிலருடைய பக்கங்கள் வேலி அடைத்தது மாதிரி இருக்கும். டேப்பண்ணனின் பக்கத்தில் பதினோரு வருஷத்துக்கு ஒரே ஒரு கோடு. போன மாதம், கடைசி வெள்ளிக்கிழமை, எட்டு எம்.எம். டேப்.

ஆக, ஐந்தும் பொய், மூன்றும் பொய். மிச்சம் இருப்பது 'வேண்டுமென்றே' என்கிற சொல். அதைச் சரிபார்க்க ஸ்டோர் போதாது. கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

முதலில் டேப் என்ன என்று சொல்லிவிடலாம். துளை போட்ட உலோகத்துக்குள், திருகாணி ஏறுவதற்காக, மரை வெட்டுகிற கருவி. விரல் நீளம் இருக்கும், உடம்பெல்லாம் பல். கைப்பிடியில் மாட்டி, துளையில் நேராக நிறுத்தி, எண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே. பின்னே வரும்போது உள்ளே வெட்டுப்பட்ட சுருள் 'டிக்' என்று அறுபடும். அறுபடாமல் முன்னேயே போய்க்கொண்டிருந்தால் சுருள் அடைத்துக்கொள்ளும். டேப் உள்ளேயே முறிந்து சட்டமாக உட்கார்ந்துவிடும். சாதா இரும்பு கொஞ்சம் பொறுத்துப் போகும். எஸ்.எஸ். பொறுக்காது. வீட்டில் எவர்சில்வர் என்ற பெயரில் தட்டும் டம்ளருமாக அடுக்கில் கவிழ்ந்து கிடக்கும் அதே சாதுதான். பட்டறைக்கு வந்தால் அதன் குணமே வேறு. தயங்கித் தயங்கி வெட்டினால் வெட்டுப்படும் இடமே இறுகிக் கல்லாகிவிடும். அவசரப்படவும் கூடாது, நடுவில் நின்று யோசிக்கவும் கூடாது. கல்யாணமும் இப்படித்தான் என்பார் ஸ்டோர்காரர். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை.

டேப்பண்ணன் இந்தப் பட்டறைக்கு வந்தது துளை போடத்தான். அப்போது டேப் அடித்துக்கொண்டிருந்தவர் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வேறு பட்டறைக்குப் போய்விட்டார். மறுநாள் வண்டியில் ஏற்ற வேண்டிய சரக்கில் அறுபது துளை பாக்கி. சூப்பர்வைசர் கண்ணில் பட்டவர் இவர். அறுபதும் அடித்தார்; ஒன்றும் உடையவில்லை. அன்றைக்கு ஒன்றாவது உடைந்திருந்தால் மனிதர் பிழைத்திருப்பார்.

அதன் பிறகு நல்ல பெயர் வந்து அவர் தோளில் ஏறி உட்கார்ந்தது, இறங்கவில்லை. கல்யாணத்துக்கு ஒரு வாரம் விடுப்புக் கேட்டார். மூன்றாம் நாள் காலையில் மாமியார் வீட்டு வாசலில் பட்டறை வண்டி நின்றது. மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு ஆள் வந்தது. வந்தவர், எப்போது வேலைக்கு வருவீர்கள் என்று முதலில் கேட்டுவிட்டு, பிறகு நினைவு வந்தவராக, என்ன குழந்தை என்றார். கம்ப்யூட்டர் மெஷின் வாங்கினார்கள். அதில் பழகுகிறேன் என்று பெயர் கொடுத்தார். மெஷினும் டேப் அடித்தது, சின்னத் துண்டுகளுக்கு. ஆனால் இந்தப் பட்டறையின் பிழைப்பு ஆள் உயரத் தொட்டிகளும் அவற்றின் மூடிகளும். அவை மெஷினில் ஏறாது. மெஷினாலேயே முடியாத வேலையைச் செய்கிறவரைக் கொண்டுபோய் மெஷினில் போடுவதா என்று சூப்பர்வைசர் நாலு பேர் முன்னால் கேட்டார். டேப்பண்ணனும் ஒரு நிமிஷம் பெருமைப்பட்டுத் தொலைத்தார். அந்த ஒரு நிமிஷத்துக்கு மேலும் நாலு வருஷம் டேப் பெஞ்சில் நின்றாயிற்று.

மாற்று ஆளைத் தயார் செய்து கொடுத்தால் விட்டுவிடுகிறோம் என்றார்கள். தயாராக வந்தவர் லேத்தில் இருந்த தடால். வீட்டில் வைத்த பெயர் வேறு. கையில் எடுத்ததெல்லாம் கீழே விழுந்து எழுப்பிய சத்தமே பெயராக நின்றுவிட்டது. மனசு தங்கம். ஒரு மாதம் பக்கத்திலேயே நின்று, சொன்னதற்கெல்லாம் சரி அண்ணே என்று தலையாட்டி, இருபத்திரண்டு டேப்பைத் தகர டப்பாவுக்கு அனுப்பினார். சூப்பர்வைசர் டப்பாவைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்தார். டேப்பண்ணன் இல்லாமல் பட்டறை இல்லை என்று அறிவித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். தடால் ரொம்ப சத்தமாகத் தட்டினார்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை, கை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்டிருந்தால். ஒரு வருஷமாக வலது கையில் கட்டைவிரலும் அதற்கடுத்த இரண்டு விரல்களும் காலையில் எழுந்தால் இருப்பதே தெரிவதில்லை. கண்ணால் பார்த்தால் இருக்கின்றன. தொட்டால் யாருடைய விரலையோ தொடுகிற மாதிரி இருக்கிறது. சட்டைப் பொத்தானை மனைவிதான் மாட்டிவிடுகிறார். ஆறு மாதத்தில் வீட்டில் ஒன்பது கண்ணாடி டம்ளர் போயிற்று. மனைவி சண்டை எதுவும் போடாமல் எல்லாவற்றையும் எவர்சில்வராக மாற்றிவிட்டார். பகலெல்லாம் எந்த உலோகத்தோடு மல்லுக்கு நிற்கிறாரோ, அதிலேயே ஊற்றி மாலையில் டீயும் வருகிறது.

டாக்டர் மணிக்கட்டைத் தட்டிப் பார்த்தார், மடக்கிப் பிடித்து எண்ணிப் பார்த்தார், உள்ளே நரம்பு நெரிபடுகிறது என்றார். முறுக்குகிற வேலையை நிறுத்தச் சொன்னார், வேறு வேலை கேட்கச் சொன்னார். டேப்பண்ணன் சிரித்துவிட்டார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு டாக்டர் கையில் கட்டிக்கொள்ள ஒரு பட்டை எழுதிக் கொடுத்தார். அதை வீட்டோடு கழற்றி வைத்துவிட்டுத்தான் பட்டறைக்கு வருவார். காரணம் இருக்கிறது. கிரைண்டிங்கில் இருந்தவருக்குக் காது மந்தமானபோது, கொஞ்ச நாள் ஓய்வெடுங்கள் என்று ரொம்ப அன்பாக அனுப்பி வைத்தார்கள். அந்த ஓய்வு இன்னும் முடிந்தபாடில்லை.

ஆகவே கை போனது யாருக்கும் தெரியக்கூடாது. தெரியாத வரைக்கும் பெஞ்சை விட்டு நகர முடியாது. நகராத வரைக்கும் கை இன்னும் போகும். இதற்குள் டேப்பண்ணன் ஒரு வழி கண்டுபிடித்து ஓட்டிக்கொண்டிருந்தார்: முன்பு விரல் சொன்னதை இப்போது காது சொன்னது. அந்த 'டிக்' கேட்டால் சுருள் அறுந்தது, கேட்காவிட்டால் நிறுத்து. பார்க்கிறவர்கள், அண்ணன் தலையைச் சாய்த்துக்கொண்டு எவ்வளவு ரசித்து வேலை செய்கிறார் என்று பேசிக்கொண்டார்கள்.

இப்படியிருக்கையில் ஒரு ஸ்டூல் காலியாகும் என்று தெரிந்தது. சோதனை அறையில் இருந்தவர் மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அந்த அறையில் வேலை, மற்றவர்கள் அடித்த மரையில் அளவுக்கம்பியைத் திருகிப் பார்ப்பது. ஒரு முனை உள்ளே போக வேண்டும், மறுமுனை போகக்கூடாது. இடது கையே போதும். சம்பளம் அதேதான். ஆனால் உட்காரலாம், ஜன்னல் உண்டு, எதையும் முறுக்க வேண்டியதில்லை. பத்து வருஷம் ஆனவர்கள் கேட்கலாம். பட்டியல் சனிக்கிழமை முடிவாகும். பதினோரு வருஷத்தில் டேப்பண்ணன் முதல் தடவையாக சூப்பர்வைசரின் கண்ணாடிக் கதவைத் தட்டினார்.

"அண்ணே, உங்களை அங்க உக்கார வெச்சா இங்க யாரு டேப் அடிப்பாங்க?"

"யாராவது அடிப்பாங்க."

"அந்த யாராவதுக்கு ஒரு பேரு சொல்லுங்க, நாளைக்கே அனுப்பிடறேன்." சூப்பர்வைசர் பேனாவை மூடி வைத்தார். "ஒரு டேப் கூட உடைக்காத கைய ஸ்டூல்ல உக்கார வெச்சேன்னா, மேல என்னைத்தான் ஒரு மாதிரி பார்ப்பாங்க."

அன்று மாலை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த டேப்பண்ணனுக்கு மற்றதெல்லாம் மறந்துபோய், 'ஒரு டேப் கூட உடைக்காத' என்பது மட்டும் காதில் நின்றது. உடைத்தால்? ஒன்று, இரண்டு. கெட்ட பெயர் எடுக்க அதிகம் வேண்டியதில்லை. மற்றவர்கள் எல்லாம் சாதாரணமாகச் செய்துகொண்டுதானே இருக்கிறார்கள்.

திங்கட்கிழமை ஆரம்பித்தார். பின்னே திருப்பாமல் முன்னேயே தள்ளிக்கொண்டு போவது என்று தீர்மானம். அரைச் சுற்று, இன்னொரு அரை என்று மனசுக்குள் எண்ணும்போதே மணிக்கட்டு தானாகக் கால் சுற்றுப் பின்னால் வந்து, டிக். மறுபடி முயன்றார். டிக். விரல் மரத்திருக்கலாம், மணிக்கட்டுக்குப் பதினோரு வருஷப் பழக்கம் மரக்கவில்லை. சாயங்காலத்துக்குள் நாற்பது துளை, நாற்பதும் சுத்தம்.

செவ்வாய்க்கிழமை வேறு யோசனை. டேப்பைப் பாதித் துளையில் அப்படியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். எஸ்.எஸ். இறுகிப் பிடித்துக்கொள்ளட்டும், வந்து பலமாக ஒரு முறுக்கு. திரும்பி வந்து பார்த்தால், டேப்பைச் சுற்றி சாக்பீஸால் வட்டம் போட்டு 'தொடாதே' என்று எழுதியிருந்தது. தடாலின் கையெழுத்து. அண்ணன் வேலையை யாராவது கெடுத்துவிடக்கூடாதே என்று பக்கத்திலேயே காவலும் நின்றுகொண்டிருந்தார். போதாததற்கு, டேப் காய்ந்துவிடக்கூடாது என்று ஒரு கரண்டி எண்ணெய் வேறு ஊற்றியிருந்தார். டேப் வழுக்கிக்கொண்டு போயிற்று.

புதன்கிழமை நடந்ததுதான் வயிற்றெரிச்சல். மரை வெட்ட வரிசையாக மூன்று டேப் உண்டு. முதலாவது வழி போடும், இரண்டாவது ஆழம் போகும், மூன்றாவது முடித்து வைக்கும். மூன்றாவதை எடுத்த எடுப்பில் எஸ்.எஸ்.ஸில் இறக்குவது வேலை தெரியாதவன் செய்வது. டேப்பண்ணன் அதைச் செய்தார். எடுத்தவுடன் மூன்றாவது. உடையவில்லை. துளையை எப்போதும் ஒரு மயிரிழை பெரிதாகவே போட்டு வைத்திருப்பார், அதன் வாயையும் சரித்து வைத்திருப்பார். எல்லாம் அவருடைய நல்ல பழக்கங்கள். டேப் கொஞ்சம் முனகியது, இறங்கியது, ஏறியது. மரை கண்ணாடி மாதிரி இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் எதிரே சூப்பர்வைசர், கையில் கடிகாரத்தோடு.

வியாழக்கிழமை காலை பலகையில் அறிவிப்பு ஒட்டப்பட்டது. டேப்பண்ணன் கண்டுபிடித்த புது முறையால் மூன்று டேப்பின் வேலை ஒரே டேப்பில் முடிகிறது. ஆகவே நாற்பது துளை என்பது இனி அறுபது. மேலிடத்திலிருந்து ஒரு பாராட்டுக் கடிதமும் வந்தது.

கடிதத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் மனைவியிடம் நடந்ததை எல்லாம் சொன்னார். மனைவி கடிதத்தை இரண்டு தடவை படித்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, வீட்டில் ஒன்பது டம்ளரை உடைத்தவருக்கு அங்கே ஒரு டேப்பை உடைக்க வக்கில்லையா, வேண்டுமானால் டேப்பை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள் என்றார். பிறகு சிரிப்பு போய்விட்டது. மேலே போய்க் கையைக் காட்டிவிடலாம், நானும் வருகிறேன் என்றார். கிரைண்டிங்காரர் பெயரை டேப்பண்ணன் சொன்னார். அந்தப் பெயருக்குப் பிறகு அந்த வீட்டில் எந்தப் பேச்சும் தொடர்வதில்லை.

வெள்ளிக்கிழமை டேப்பண்ணன் உடைக்கும் எண்ணத்தையே விட்டுவிட்டார். இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மத்தியானம் இன்னொரு தடவை சூப்பர்வைசரிடம் நேராகக் கேட்டுப் பார்ப்பது, இல்லையென்றால் இல்லை என்று முடிவு செய்திருந்தார். பெஞ்சில் ஒரு தொட்டி மூடி. வட்டமாக இருபத்துநாலு துளை. இருபத்திரண்டு முடிந்து இருபத்துமூன்றாவதில் டேப் இருந்தபோது பக்கத்துச் சுவரோரம் காற்று கம்ப்ரஸரைப் போட்டார்கள். அதன் இரைச்சலில் 'டிக்' கேட்கவில்லை. நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் நடுவில் நின்றால் எஸ்.எஸ். இறுகும், அறுபது துளைக் கணக்கு வேறு. விரலை நம்பித் திருப்பினார். விரலில் யாரும் இல்லை.

சத்தம்கூட வரவில்லை. கைப்பிடி திடீரென்று லேசாயிற்று. துளை முடிந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துத் தூக்கினார். பாதி டேப் வந்தது.

லேத்துகள் ஒவ்வொன்றாக நின்றன. தடால் கையிலிருந்து ஏதோ விழுந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சூப்பர்வைசர் வந்தார், மூடியைப் பார்த்தார், பாதி டேப்பைப் பார்த்தார், டேப்பண்ணனின் கையைக் கொஞ்ச நேரம் அதிகமாகப் பார்த்தார்.

"டேப் சரியில்ல" என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி.

"டேப் நல்லாத்தான் இருந்துச்சு சார்."

சூப்பர்வைசர் அவர் தோளில் கைபோட்டுக் கம்ப்ரஸர் பக்கம் நடத்திக்கொண்டு போனார். அந்த இரைச்சலில் அவர் சொன்னது டேப்பண்ணனுக்கு மட்டும்தான் கேட்டது.

"நீங்க உடைச்சீங்கன்னு மேல போச்சுன்னா, ஏன்னு கேப்பாங்க. வேணும்னேன்னா வேலை போயிடும். கை வரலைன்னாலும் வேலை போயிடும். டேப் சரியில்லைன்னா யாருக்கும் ஒண்ணும் போகாது. பேசாம இருங்கண்ணே."

டேப்பண்ணன் பேசாமல் இருந்தார். சூப்பர்வைசருக்குக் கை விஷயம் எத்தனை நாளாகத் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. பட்டையை வீட்டிலேயே கழற்றி வைத்ததெல்லாம் வீண் என்று மட்டும் தோன்றியது.

மூடி திங்கட்கிழமை போக வேண்டிய சரக்கு. உள்ளே சிக்கிய பாதியை மரையில் கீறல் படாமல் எடுக்கக்கூடியவர் பட்டறையில் ஒருவர்தான்: ஸ்பார்க் மெஷின் ஓட்டும் அக்கா. டேப்பண்ணனைவிட ஆறு வயது சின்னவர், ஆனாலும் இவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். சாப்பாட்டு நேரத்தில், எந்தத் தாளிலும் ஏறாமல், அக்கா மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார். மெஷினைப் பிடித்து நிறுத்த அடியில் காந்தம் உண்டு, எஸ்.எஸ். மேல் அது ஒட்டாது. கிளாம்ப் போட்டு இறுக்கினார். மெஷின் முனையில் ஒரு செம்புக் கம்பி. அது டேப்பைத் தொடாமல் தொட்டுப் பொறி விட்டு, நடுவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். டேப் தீரத் தீரக் கம்பியும் தீரும். நாற்பது நிமிஷம். சாப்பாட்டு டப்பாவை இரண்டு பேரும் திறக்கவில்லை.

கடைசியில் மிச்சத் தூளை ஊதிவிட்டு, டேப்பின் மேல் பாதியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"டேப் மேல குறை இல்ல. வேணும்னு உடைச்சதும் இல்ல."

டேப்பண்ணன் மூடியைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார்.

"வேணும்னு உடைச்சா முறுக்கி உடையும். இது சாஞ்சு உடைஞ்சிருக்கு. கை ஒரு பக்கமா சாஞ்சிருக்கு, உங்களுக்கே தெரியல." துண்டை அவருடைய இடது உள்ளங்கையில் வைத்தார். வலது கையில் வைக்கவில்லை. "எத்தனை நாளா அண்ணே?"

அவர் துண்டை எடுத்துக்கொண்டு ஸ்டோர் பக்கம் நடந்தார். அக்கா கிளாம்பைக் கழற்றிக்கொண்டு போனார். அறிவிப்புப் பலகைக்குப் பிறகு பட்டறையில் அதிகம் நம்பப்படுவது அக்காவின் கண். அவர் பார்த்துச் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. அவர் யாரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை பட்டியல் வந்தது. ஸ்டூல் தடாலுக்கு. நியாயம்தான். தடால் போனால் அவருடைய லேத்தை யார் வேண்டுமானாலும் ஓட்டலாம், இப்போதைவிட நன்றாகவே ஓட்டலாம். பெஞ்ச் காலியாக நிற்கக்கூடாது என்ற விதிக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. இருபத்திரண்டு டேப்பை உடைத்தவர் இனி எல்லாருடைய மரையையும் சோதிப்பார்.

தடால் அளவுக்கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து டேப்பண்ணன் முன்னால் நின்றார். கண் கலங்கியிருந்தது. அண்ணன் அடித்ததைப் போய் நான் என்னத்தைச் சோதிப்பது, கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிவிடுகிறேன் என்றார். பிறகு தயங்கித் தயங்கி, நிஜமாகவே டேப் சரியில்லையா என்று கேட்டார்.

டேப்பண்ணன் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"டேப்புக்கு என்னப்பா குறை? நான்தான் வேணும்னு உடைச்சேன்."

வதந்தி பிறந்த இடம் இதுதான். காவலாளிக்குச் சொன்னவர் பெயிண்டர், பெயிண்டருக்குச் சொன்னவர் தடால், தடாலுக்குச் சொன்னவர் டேப்பண்ணனேதான். ஏன் சொன்னார் என்று கேட்டால் அவரே சரியாகச் சொல்லமாட்டார். திங்கள் முதல் புதன் வரை உண்மையாகவே முயன்றவர். ஆக முழுப்பொய்யும் இல்லை. தவிர, பட்டறையில் ஒரு மனிதனைத் திமிர் பிடித்தவன் என்று சொல்லலாம், தாங்கிக்கொள்ளலாம். ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டால் அப்புறம் தலை நிமிர்ந்து டீ குடிக்க முடியாது. அன்றிலிருந்து தடாலுக்கு அண்ணன் மேல் மரியாதை இரண்டு மடங்கு. பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி வளர்த்தது அந்த மரியாதையைத்தான்.

டேப் செய்து அனுப்பும் கம்பெனிக்கு சூப்பர்வைசர் புகார் எழுதினார். கம்பெனி மன்னிப்புக் கேட்டு ஒரு பெட்டி புது டேப் இலவசமாக அனுப்பியது. கூடவே ஒரு கடிதம்: தங்களிடமுள்ள நிபுணர் இவற்றை எஸ்.எஸ்.ஸில் அடித்துப் பார்த்து மாதாமாதம் கருத்து எழுத வேண்டும். நிபுணருக்கு இப்போது அறுபது துளை, அதற்கு மேல் அந்தக் கருத்து. கம்ப்ரஸர் ஓடும்போது மட்டும் டேப்பைத் தொடமாட்டேன் என்று ஒரு பழக்கம் வைத்துக்கொண்டிருக்கிறார். அண்ணனுக்கு இரைச்சல் பிடிக்காது என்று தடால் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார்.

இதில் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளாதது அந்தச் செம்புக் கம்பி. ஒவ்வொரு கம்பியிலும் ஸ்டோர்காரர் எண் குத்தித்தான் கொடுப்பார். ஒன்று தேய்ந்து தீர்ந்தால், யார் வேலையில் தீர்ந்ததோ அவர் சீட்டு எழுதித்தான் புதுசு வாங்க வேண்டும். வெளியில் வாங்கி வைத்துச் சரிக்கட்ட முடியாது. முப்பத்தொன்றாம் எண் கம்பி, எந்தத் தாளிலும் ஏறாத ஒரு வேலையில் தீர்ந்துபோயிற்று. அக்காவின் பெட்டியில் ஒரு குழி காலியாக இருக்கிறது. அடுத்த வாரம் அக்கா சீட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து டேப்பண்ணன் பெஞ்சில் வைத்தார்.

கம்பி ஒன்று, எண் முப்பத்தொன்று, தேதி. இடது கையால் தாளைப் பிடித்துக்கொண்டு, பேனாவை உள்ளங்கையில் முட்டுக் கொடுத்து, டேப்பண்ணன் மெதுவாக எழுதினார். அடுத்த கட்டம்: காரணம்.

"டேப் சரியில்லைன்னு எழுதினா நான் கையெழுத்துப் போடமாட்டேன்" என்றார் அக்கா. "என் கண்ணால பார்த்தது அது இல்ல."

"வேணும்னு உடைச்சேன்னு எழுதட்டா?"

"அது தடாலுக்குச் சொன்ன கதை."

"அப்போ என்னதான் எழுதச் சொல்றீங்க அக்கா?"

"நடந்ததை எழுதுங்க. எழுதிட்டு ரெண்டு பேரும் சேர்ந்தே மேல போவோம். நான் பார்த்ததை நான் சொல்றேன்."

டேப்பண்ணன் பேனாவை மூட முயன்றார். மூடி இரண்டு தடவை நழுவியது. மூன்றாவது தடவை அக்காவே வாங்கி மூடினார்.

"கிரைண்டிங்காரருக்காகவும் அவரு, நீங்க, நான்னு மூணு பேர் மேல போனோம். ஞாபகம் இருக்கா? இறங்கி வரும்போது அவர் வரல."

அக்காவுக்கு ஞாபகம் இருந்தது. புத்தகத்திலிருந்து அந்தச் சீட்டை மட்டும் கிழித்து அவரிடம் கொடுத்தார். எழுதி எடுத்துக்கொண்டு வாருங்கள், அவசரமில்லை, ஆனால் மாதக் கடைசியில் பெட்டியை எண்ணுவார்கள் என்றார்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் அக்கா அந்த வழியாகப் போகும்போது சீட்டு எங்கே என்று கேட்கிறார். திங்கட்கிழமை தருகிறேன் என்கிறார் டேப்பண்ணன். சீட்டு சட்டைப்பையில்தான் இருக்கிறது, மூன்று கட்டம் நிரம்பி, ஒன்று காலியாக.